குறட்டைப் பாட்டு

என் தங்கை மாரென் கம்பெனியின் பாட்டுப் படையில் கேப்டன். கேப்டன் என்றதும் துப்பாக்கி பிடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் பிடித்தது மைக். எங்கள் ஓஸ்டர்வீ துறைமுகத்தில் கம்பெனிக்குச் சொந்தமில்லாமல் இருந்தது கடல் காற்று ஒன்றுதான். அதையும் காற்றாலை நட்டு வளைத்துப்போட்டுவிட்டார்கள். படை கம்பெனியுடையது, ரேடியோ கம்பெனியுடையது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஆடிப் பாடுகிறவர்களும் கம்பெனியின் சிப்பாய்கள்தான். பாட்டு மேலே ஏறினால் பதவி ஏறும். இறங்கினால் தெற்கு எல்லைக்கு மூட்டை கட்டி அனுப்பி, முகாம் முகாமாகப் பாடவைப்பார்கள்.

மாரெனுக்கு ஏழு வருட ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டபோது அவள் மகள் ஆல்மா கைக்குழந்தை. ஆல்மாவின் அப்பா தெற்கே போனவன் போனவன்தான். அந்த வேதனையில் கிடந்தவளிடம் வந்து, இவ்வளவு நல்ல குரலை வீட்டுக்குள் பூட்டி வைக்கலாமா என்று இனிக்க இனிக்கப் பேசி எழுதி வாங்கிக்கொண்டார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு விடுவார்கள். குழந்தையை வளர்த்தது எங்கள் அம்மாவும் அப்பாவும். ஆல்மா டிவியில் தன் அம்மாவைப் பார்த்தால் கையாட்டும், நேரில் வந்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த ஏழு வருடம் இந்த செப்டம்பர் கடைசியில் முடிய வேண்டும். அதற்குள் ஒரே ஒரு கரும்புள்ளி விழுந்தால் போதும், இன்னொரு ஏழு வருடத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதுதான். அதனால் வருடம் பிறந்ததிலிருந்தே நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். எல்லோரும் என்றால் அப்பாவைத் தவிர.

அப்பா, ஆஸ்கெர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். எங்கள் பக்கத்தில் கல்யாணம், பிறந்தநாள் என்று எந்த விருந்தானாலும் காபிக்கு முன்னால் ஒரு பாட்டு உண்டு. ஊருக்கே தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்து, விருந்து யாருக்கோ அவரைக் கிண்டல் பண்ணி யாராவது புது வரிகள் எழுதுவார்கள். தாளில் அச்சடித்து, சுருட்டி, ரிப்பன் கட்டி, ஆளுக்கொன்று தட்டுப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லோரும் சேர்ந்து பாடுவோம். கிண்டல் எவ்வளவு மோசமோ அவ்வளவு பிரியம் என்று அர்த்தம். தெரு முழுக்க அப்பாதான் எழுதிக்கொடுப்பார். அவர் வரிகளில் எதுகையும் இருக்காது, தாளமும் நொண்டும், ஆனால் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மே மாதத்தில் அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைந்தது. மாரெனுக்கும் விடுமுறை கிடைத்தது. அம்மாவைப் பற்றி அப்பாவே பாட்டு எழுதினார். மெட்டுக்கு எங்கே போவது? பழைய மெட்டுகளை யாரும் தடை செய்யவில்லை. ரேடியோவில் வராத பாட்டு ஊர் நாக்கிலிருந்து தானாகவே போய்விட்டது, அவ்வளவுதான். மேஜை முழுக்கச் சேர்ந்து பாட வேண்டுமென்றால் கம்பெனிப் பாட்டைத்தான் எடுத்தாக வேண்டும். அப்பா எடுத்தது, சொந்த மகளின் பாட்டு.

அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. 'நீ காவல் நின்றால் நான் தூங்குவேன்' என்று தொடங்கும். கேட்டால் காதல் பாட்டு, காலில் வாங்கினால் அணிவகுப்பு. புதிதாகச் சேர்ந்த பையன்களை ஓடவிட்டு, நடக்கவிட்டு, நெஞ்சில் கருவி கட்டித் துடிப்பை அளந்து பார்த்துத்தான் அந்தத் தாளத்தை வைத்தார்கள். காலையில் பட்டாளம் அதற்குத்தான் நடக்கும், இரவில் பெண்பிள்ளைகள் அதற்குத்தான் ஆடுவார்கள். அப்பாவின் தாளில் இருந்தது இப்படி:

நீ குறட்டை விட்டால் நான் எங்கே தூங்குவேன்,
நாற்பது வருடம் இதை யாரிடம் சொல்லுவேன்.

அப்புறம் மற்ற வரிகள். கிழங்கைக் கரியாக்கிவிட்டு இதுதான் புது பாணி என்று பரிமாறுவாள். படகுக்காரனோடு சண்டை போட இறங்கித் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தாள். நான் சொல்ல வரும் கதையை எனக்கு முன்னால் சொல்லி முடிப்பாள், அதையும் தப்பாகச் சொல்வாள். என் தொப்பியை ஒளித்து வைத்துவிட்டு, கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு முத்தம் கேட்பாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, துணி நாப்கினால் அப்பாவின் வழுக்கையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். மாரென் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாவது வரியில் அவளால் முடியவில்லை. தன் முழுக் குரலையும் திறந்து பாடினாள். அவள் சிரித்துக்கொண்டே பாடி நான் எத்தனையோ வருடமாகப் பார்த்ததில்லை. எனக்கு அண்ணன் முறையான டோர்கில் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்ததை அந்தச் சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை.

டோர்கில் அதைப் படைமுகாமில் இருந்த ஒரே ஒரு நண்பனுக்குத்தான் அனுப்பினானாம். நான் வேலை பார்ப்பது பாட்டுப் படையின் முடிதிருத்தும் அறையில். சிப்பாய்களுக்கும் நான்தான் வெட்டிவிடுவேன். ஜூன் மாதத்தில் என் கத்தரிக்குக் கீழே தலைகள் குலுங்கத் தொடங்கின. ஒருத்தன் முணுமுணுப்பான், பக்கத்து நாற்காலிக்காரன் மூக்கால் ஒரு குறட்டை விடுவான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இன்னும் கொஞ்சம் குலுங்கியிருந்தால் ஒருத்தனுக்குக் காது போயிருக்கும். ஏன் அவ்வளவு சிரிப்பு என்று யோசித்துப் பார்த்தேன். காவலில் நின்றபடியே தூங்கித் தண்டனை வாங்காத சிப்பாய் அங்கே ஒருவனும் கிடையாது. அவர்களுக்கு அந்தப் பாட்டு அம்மாவைப் பற்றியதே இல்லை.

அப்புறம் ஒரு பெரிய அணிவகுப்பு வந்தது. கம்பெனியின் பங்குதாரர்கள் வெளியூரிலிருந்து வந்து கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் மாரென் பாடினாள். 'நீ காவல் நின்றால்' என்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குறட்டை கேட்டது. அடுத்த நிமிடம் பட்டாளமே காலைத் தவறவிட்டுக் குனிந்து சிரித்தது. இவர்களுக்கு உடம்புக்கு என்ன என்று ஒரு பங்குதாரர் கேட்டாராம்.

மேஜர் பிரெபென் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பாட்டுப் படைக்குத் தலைவர் அவர்தான். சீருடை இல்லை, கம்பளிச் சட்டை, கையில் லவங்கப்பட்டை ரொட்டி ஒரு பெட்டி. மேஜர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். கம்பெனியில் மேலும் கிடையாது கீழும் கிடையாது, பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இந்த அன்புதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உதைக்கிறவன் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாலாவது வருவது தெரியும்.

எழுதியது யார் என்று அவர் கேட்கக்கூட இல்லை. அப்பாவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஊர் முழுக்கத் தன் பாட்டைப் பாடுகிறது என்று கேட்டு அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

"பாட்டு ரொம்ப நல்லாருக்கு ஆஸ்கெர்," என்றார் பிரெபென். "நானே முணுமுணுத்துக்கிட்டுதான் திரியறேன். பிரச்சனையே அதுதான்."

அதற்கப்புறம் காபி குடித்தபடியே விளக்கினார். அந்த மெட்டு கம்பெனியின் கணக்கில் படைச் சாதனம். லாரி மாதிரி, பீரங்கி மாதிரி. அதை அப்பா பழுதாக்கிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் பழுது பழுதுதான். யாராவது சரிசெய்து கொடுக்க வேண்டும். வழி இரண்டு. ஒன்று, மாரென் இன்னும் ஏழு வருடம் இருந்து புதுப் பாட்டு ஒன்றை நிலைநிறுத்திக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அப்பா வர வேண்டும். தினமும் காலையில் பட்டாளம் பழைய பாட்டுக்கு நடக்கும்போது அப்பா முன்னால் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆளை நினைத்துத்தான் சிரிப்பு வருகிறது, அந்த ஆளைத் தினம் பார்த்தால் சலித்துப்போய்ச் சிரிப்பும் நின்றுவிடும் என்று கம்பெனியின் மனோதத்துவக்காரர்கள் சொன்னார்களாம். செப்டம்பரில் ஒரு சோதனை வைப்பார்கள். மாரென் மேடையில் பாட, அப்பா பக்கத்தில் நிற்க, ஒருத்தரும் சிரிக்காமல் பட்டாளம் கடந்து போய்விட்டால் மாரென் வீட்டுக்குப் போகலாம்.

அம்மா அதுவரை ரொட்டியைத் தொடவில்லை. "அது என்னைப் பத்தின பாட்டு," என்றாள். "குறட்டை விடறவ நான். எனக்கே கோவம் இல்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பிரெபென் அவளைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். அவள் தட்டில் ஒரு ரொட்டியை எடுத்து வைத்தார். அப்பாவோ அதற்குள் ஒத்துக்கொண்டிருந்தார். பிரெபென் போன பிறகு அம்மா திட்டினாள், நானும் என் பங்குக்குத் திட்டினேன். தினமும் ஒரு பட்டாளமே தன் முன்னால் வந்து நிற்கப் போகிறது, இது தண்டனையா என்று கேட்டார் அப்பா. நாற்பது வருட விருந்துக்குத் தைத்த கோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

முதல் நாள் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு மரப்பலகை போட்டு அவரை ஏற்றி நிறுத்தினார்கள். பாட்டு தொடங்கியது. பையன்கள் அவரைப் பார்த்தார்கள். இந்த வழுக்கைதானா, இந்த மூக்குதானா என்று அவர்களுக்குத் தாங்கவில்லை. அப்பா கண்ணடித்தார். வரிசை குலைந்து சிரித்தது. முடிதிருத்தும் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

சிரித்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சிரிப்புக்கு ஒரு மாதம் வீதம் தெற்கு எல்லையில் கூடுதல் சேவை. பிரெபென் இதை எங்களிடம் சொல்லவில்லை. கேட்டபோது, ஐயோ, சொல்லவில்லையா, மன்னித்துக்கொள்ளுங்கள் யூட்டா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை உதறிக்கொண்டு வந்தேன். அந்தப் பட்டியலில் எங்கள் தெரு ரொட்டிக் கடைக்காரியின் மகன் யெப்பே இருந்தான். அவன் ஞானஸ்நான விருந்துக்கும் பாட்டு எழுதினவர் அப்பாதான். மாதக் கடைசியில் சேவை முடிந்து வீடு திரும்ப வேண்டிய பையன், லாரியில் ஏறித் தெற்கே போனான். அம்மா ரொட்டி வாங்கப் போனால் அவன் அம்மா காசை வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே கவலை, பையன்கள் சிரிக்கக் கூடாது. பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அது இன்னும் வேடிக்கையாக இருந்தது. கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து, அதுவரை சிரிக்காதவனும் சிரித்தான், அவன் பெயரும் போனது. வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் முகத்தை ஏதேதோ பண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை கதவு திறந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டுக் குபுக்கென்று சிரித்தாள்.

"சிரிக்காத," என்றார் அப்பா. அந்தக் குரலை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. பாவம், அவருக்கு என்ன பாடோ என்று அம்மா சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஏதோ மாறிவிட்டது. சிரிப்பு குறைந்தது. ஒரு நாள் ஒரு பெயர், இன்னொரு நாள் ஒன்றுமே இல்லை. அப்பா முகத்தைச் சுருக்குவதை விட்டுவிட்டார். வெறுமனே நின்றார். பட்டாளம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. அப்பா கெட்டிக்காரர், ஏதோ வித்தை கண்டுபிடித்துவிட்டார் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். வித்தையோ என்னவோ, மனுஷன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார் என்றாள் அம்மா. தூக்கம் வேண்டுமாம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பாட்டை நடித்துக் காட்டுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சோதனை நாள் மழை. மேடைக்குப் பின்னால் நான்தான் மாரெனுக்குத் தலை சீவிவிட்டேன். பட்டாளம் சிரிக்கும் என்று அவள் பயப்படவில்லை, தானே சிரித்துவிடுவோமோ என்றுதான் பயந்தாள். சின்ன வயதில் சர்ச்சுக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது, அம்மா இடம் மாற்றி உட்காரவைப்பாள்.

"அக்கா, அப்பா மூஞ்சியப் பாத்தா எனக்கு வந்துரும்," என்றாள்.

"வந்துச்சு, உன்ன மொட்டையடிச்சுருவேன். ஆல்மாவ நினைச்சுக்க," என்றேன்.

மேடையின் ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அப்பா. பிரெபென் குடை பிடித்துக்கொண்டு கீழே நின்றார். தாளம் விழுந்தது. மாரென் பாடத் தொடங்கி, அப்பாவின் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். அவர் முகத்தை அப்போதுதான் நானும் கிட்டத்தில் பார்த்தேன். கோபமான முகம் இல்லை. வருத்தமும் இல்லை. வீட்டில் வருடக்கணக்காகத் தனக்கு நியாயம் கிடைக்காத ஒருவர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார் பாருங்கள், அந்த முகம். மாரென் சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் பாடியதில் ஒரு சுருதி பிசகவில்லை. பட்டாளம் முழுவதும் கடந்து போனது, மூக்கால் கூட ஒருத்தன் சத்தம் போடவில்லை.

பிரெபென் ஓடிவந்து எல்லோரையும் கட்டிக்கொண்டார். மெட்டு சரியாகிவிட்டது என்று அங்கேயே கையெழுத்துப் போட்டு மாரெனின் விடுதலைத் தாளைக் கொடுத்தார். அப்பாவுக்குக் கம்பெனி முத்திரை போட்ட ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அதை நான் வழியில் கால்வாயில் எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா கட்டிக்கொண்டுவிட்டார்.

காரை நான் ஓட்டினேன். மாரென் பின்னால் உட்கார்ந்து சீருடைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, எப்படி அப்பா சாதித்தீர்கள், அந்த மூஞ்சி எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"மூஞ்சியில ஒண்ணும் இல்லம்மா. எனக்கு உள்ள சிரிப்பு இருந்துச்சு, அது பசங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு நாள் வரி வரியா எடுத்துப் பாத்தேன். குறட்டை. நாப்பது வருஷமா நான் நல்லாத் தூங்கினதில்ல, அது நிஜம்தானே? இதுல சிரிக்க என்ன இருக்குன்னு என்னையே கேட்டேன். கல்யாணத்தன்னிக்கு ஒரு மணி நேரம் என்னைச் சர்ச்சுல நிக்க வெச்சா. நான் வாயத் தொறந்தா முடிக்க விடமாட்டா. எல்லாம் நிஜம். நான்தான் அத வேடிக்கையாக்கி வெச்சிருந்தேன். அத எடுத்துட்டேன், அவ்வளவுதான். அப்புறம் எவனும் சிரிக்கல."

இப்போது வேலை முடிந்துவிட்டதே, இனி அந்த வேடிக்கையைத் திருப்பி வைத்துவிடுங்கள் என்றாள் மாரென், விளையாட்டாக. அப்பா தலையாட்டினார்.

வீட்டில் அம்மா பன்றி வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் செய்து வைத்திருந்தாள். ஆல்மா சோபாவுக்குப் பின்னால் போகவில்லை. மாரெனின் நாற்காலியை ஒட்டி நின்றுகொண்டு, நாளைக்கும் இருப்பீங்களா என்று கேட்டது. நாளைக்கும் இருப்பேன் என்றாள் மாரென். அதற்கடுத்த நாள்? அதற்கடுத்த நாளும். ஆல்மா இப்படியே கிழமை கிழமையாகக் கேட்டுக்கொண்டே போனது, மாரென் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது. அப்பாவைப் பார்த்து, பரேடுக்குப் போய் வந்த ஆள் ஜெனரல் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், இனிமேல் நமக்கெல்லாம் சல்யூட் அடித்தால்தான் தட்டை நகர்த்துவார் என்று சீண்டினாள். பதிலுக்கு அவர் ஏதாவது சொல்வார் என்று கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷமா நீ பேசற, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார். "கொஞ்ச நேரம் சும்மா இரு, தோரா."

மிச்சம் வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அப்பா எப்போதும் அப்படித்தான், முதலில் முறைப்பார், அப்புறம் கிண்டலாக ஒரு வால் ஒட்டுவார். வால் வரவில்லை. அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார். அம்மா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கன்னத்தில் கையோடு இருந்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றுதான் நான் சொன்னேன். களைப்பு, வயசு, மழையில் நின்றது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. அம்மா பேசினால் முடியும்வரை காத்திருந்து, அது அப்படி இல்லை என்று திருத்துவார். சரியாகத்தான் திருத்துவார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் குறைவு என்பார். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அம்மா வர வர வார்த்தையை எண்ணிப் பேசத் தொடங்கினாள். சமைக்கும்போது இரண்டு தடவை ருசி பார்த்தாள். எங்கள் அம்மா, படகுக்காரனையே கரையேறவிடாமல் சண்டை போட்டவள், சொந்தப் புருஷன் முகம் பார்த்துத் தட்டு வைத்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் சைக்கிள் கொட்டகையில் அப்பாவைத் தனியாகப் பிடித்தேன். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாள் என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. காற்றடிக்கும் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நானும் பாக்குறேன் யூட்டா," என்றார். "தினமும் உக்காந்து அந்தப் பாட்டச் சொல்லிப் பாக்குறேன். சிரிப்பு வரமாட்டேங்குது. அவளப் பாத்தா பாட்டுல வர்ற அந்தப் பொம்பளையாத்தான் தெரியுது."

அவர் கண்ணில் பயம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. கம்பெனிக்காரன் கண்முன்னால் இருந்திருந்தால் அந்தப் பம்பாலேயே மண்டையைப் பிளந்திருப்பேன். அவன்தான் யார் மண்டையும் உடையாமல் எல்லாவற்றையும் செய்கிறவனாயிற்றே.

அந்த வார ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து அப்பா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆல்மா கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தது. அம்மா பாத்திரம் தேய்த்தாள், மாரென் துடைத்தாள், நான் அடுக்கினேன். அம்மா அழவில்லை. கோபமாகவும் இல்லை. ஒரு தட்டைக் கழுவி ஈரத்தோடு மாரெனிடம் நீட்டிக்கொண்டே, கடையில் என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீ இன்னொரு ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்."

எனக்கு அம்மாவை அறைந்துவிடலாம் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. மாரென் கூடத்தில் ஆல்மா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நானும் அதத்தாம்மா நினைச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள், தட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.